வெள்ளிக்கிழமைத் தராசு

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கரண்டு இல்லை. நான் உருளையின் கைப்பிடியைப் பிடித்துக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே பத்து கிராம் மருந்து மணிகளும் ஒரு கை கண்ணாடிக் குண்டுகளும் புரண்டு புரண்டு விழுந்தன. யாரோ நிறுத்தாமல் கடுகு தாளிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

எதிரே சோணைமுத்து நின்றான். நெற்றி நிறையத் திருநீறு. கண் உருளையை விட்டு நகரவில்லை.

"மெதுவாத்தான் சுத்தேன் மாப்ள. மாமியா மேல இருக்குற கோவத்தையெல்லாம் இதுல காட்டுறியே."

"எனக்கு ஏதுடா மாமியா. நிமிசத்துக்கு இருபத்தஞ்சு சுத்து. கொறைச்சா கோமதி கண்டுபிடிச்சிரும்."

"அந்தப் பிள்ள அங்கிட்டுத் திரும்பி ஒக்காந்திருக்கு."

மேஜையில் முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்த கோமதி, திரும்பாமலே, "பேச்சு வந்தா கை தளருது. சுத்துங்கண்ணே," என்றாள்.

சுற்றினேன்.

அரை மணி நேரம் இப்படி அடித்த பிறகு சல்லடையில் போட்டுத் தூளைத் தட்டிவிட்டு, மணிகளை மறுபடி எடை போட வேண்டும். நூற்றில் ஒரு பங்குக்கு மேல் உதிர்ந்திருந்தால் சரக்கு தேறாது. சோணைமுத்து செய்த சரக்கு ஏற்கெனவே மூன்று முறை தேறவில்லை. இந்த நாலாவதும் போனால் சரக்கு உருட்டுகிற கொப்பரையை விற்றுவிடுவதாகவும், அவன் கிளம்பிக்கொள்ளலாம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார்.

அவனை அந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் நான்.

எட்டாங்கிளாசுக்கு ஒரு முக்காலி

போன வாரம் இந்தத் தொடரை, லாரிப் பட்டறையிலிருந்து என்னைத் துரத்திய இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதற்கப்புறம் மூன்று மாதம் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. சினிமாக் கொட்டகைக்குப் போஸ்டர் ஒட்டினேன். செல்லூரில் ஒரு மிட்டாய்ப் பட்டறையில் சர்க்கரை மூட்டை தூக்கினேன். அங்கே தின்ற சீரக மிட்டாயில் ஒரு கடைவாய்ப் பல் போயிற்று. அப்புறம் திருப்பரங்குன்றம் தாண்டி, பழைய அரிசி ஆலைக் கொட்டகையில் ஒரு மருந்துக் கம்பெனி நடப்பதாகக் கேள்விப்பட்டு, கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

கம்பெனி என்பது பெரிய வார்த்தை. தலைவலி மாத்திரை, குடல்பூச்சி மருந்துக் குருணை, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்குகிற தூள். மொத்தம் இருபது பேர். மழை பெய்தால் தவிட்டு வாசனை கிளம்பும். மருந்துக் கம்பெனிக்கு அந்த வாசனை ஆகாது என்று கோமதி மூக்கைப் பொத்திக்கொள்வாள். எனக்குப் பசிக்கும்.

கோமதிதான் அங்கே கெமிஸ்டு. பி.எஸ்ஸி. படித்தவள். ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இருபத்திரண்டு வயசு இருக்கும், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி பார்த்தால் கொட்டகையே அமைதியாகிவிடும். அவளுக்கு உதவியாக இருந்தவன் கல்யாணம் முடிந்து திருப்பூர் போய்விட்டான். கூட்டிப் பெருக்கியவர்களில் எண்களை வாய்விட்டுப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எட்டாவது வரை போனவன். எட்டாவது தேறினேனா என்பது வேறு விஷயம். முதலாளி என்னை "எட்டாங்கிளாசு" என்றுதான் கூப்பிடுவார்.

சோதனை அறையில் எனக்கு ஒரு முக்காலி கொடுத்தார்கள். அதுவரை நான் பார்த்த வேலைகளில் உட்காரச் சொன்னது அது ஒன்றுதான்.

தட்டுகிறவன், தட்டாதவன்

மருந்தில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது கோமதி. மருந்து எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது நான். அதற்குப் படிப்பு வேண்டாம், பொறுமை போதும் என்றார்கள். பொறுமையும் என்னிடம் கிடையாது, ஆனால் முக்காலி இருந்தது.

முதல் சோதனை, குருணையைப் புனல் வழியாக மேஜையில் கொட்டுவது. அது குவியும். குவியல் சரிவாகப் பரந்து உட்கார்ந்தால் நல்ல குருணை, கேப்ஸ்யூலுக்குள் தானாக ஓடி இறங்கும். செங்குத்தாக நின்றால் ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்று அர்த்தம். களத்தில் நெல்லைக் குவித்துப் பார்த்தவனுக்கு இது புதிதில்லை. காய்ந்த நெல் பரந்து ஓடும். ஈர நெல் முறைத்துக்கொண்டு நிற்கும். சரிவை அளக்க ஒரு பாகைமானி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதன் முனையால் பெஞ்சில் பெயர் செதுக்கியதோடு சரி, அதற்கு ஒரு பிரயோசனம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாவது, கண்ணாடிக் குழாயில் குருணையை நிரப்பி, மேஜையில் நூறு தட்டு தட்டி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. இதையும் நான் ஏற்கெனவே அறிவேன். வாங்குகிற வியாபாரி படியைத் தட்டித் தட்டி அளப்பான். விற்கிற வியாபாரி தட்டாமல் அளப்பான். இரண்டு பேரும் கோயிலுக்குப் போவார்கள்.

மூன்றாவது, அடுக்குச் சல்லடை. மேலே பெரிய கண், கீழே சின்னக் கண். போட்டு ஆட்டினால் பெரியது சின்னது தனித்தனியாகப் பிரியும். ஊரில் இதைச் சாதி என்பார்கள், இங்கே தரம் என்றார்கள்.

நாலாவது, உருளையில் போட்டுச் சுற்றுகிற இந்த அடி.

மிட்டாயிலிருந்து மருந்துக்கு

ஒரு நாள் முதலாளி பம்பாயிலிருந்து ஒரு பழைய கொப்பரையை வாங்கி வந்து இறக்கினார். சாய்வாக நின்று சுழலும் பெரிய செம்புக் கொப்பரை. சளிக்கு ஒரு புது மாதிரி கேப்ஸ்யூல் செய்யப்போகிறார். உள்ளே தூளுக்குப் பதில் கடுகைவிடச் சற்றுப் பெரிய மணிகள். சர்க்கரைக் குருணையின் மேல் மருந்துப் பாகை ஊற்றி, உலர்த்தி, அதன்மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. சில மணிகளுக்கு மெல்லிய பூச்சு, சிலவற்றுக்குத் தடித்த பூச்சு. காலையில் ஒன்றை விழுங்கினால் மணிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து ராத்திரி வரை வேலை செய்யும்.

பூச்சு உதிர்ந்தால்? நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் வயிற்றில் கொட்டும். சாப்பிட்டவன் பஸ் ஓட்டிக்கொண்டே தூங்கிப்போவான். அதனால்தான் மணிகளை உருளையில் போட்டு அடித்துப் பார்க்க வேண்டும் என்று கோமதி விளக்கினாள். லாரியில் மதுரையிலிருந்து திண்டுக்கல் போவதற்குள் சரக்கு படுகிற பாட்டை நான் அறிவேன் என்பதால் உடனே புரிந்தது.

கொப்பரை வந்துவிட்டது, அதில் பாகு ஊற்றத் தெரிந்த ஆள் இல்லை. மூன்று நாள் எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நாலாவது நாள் நான் சொன்னேன்: "இது சீரக மிட்டாய்க் கொப்பரைல்ல?"

செல்லூர்ப் பட்டறையில் இதே சாய்வு, இதே சுழற்சி. சோம்பு விதையைப் போட்டுச் சுழலவிட்டு, அகப்பையால் பாகை ஊற்றி ஊற்றி உருட்டுவது சோணைமுத்துவின் வேலை. நான் மூட்டை தூக்கினேன், அவன் உருட்டினான். மணிகளைச் சுழலும்போதே ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்து மறு கையால் தேய்த்து, காதருகே கொண்டுபோய்க் கேட்பான். "இது நிக்கும்" என்றால் நிற்கும்.

முதலாளி சிரித்தார். "மிட்டாய்க்காரன வச்சு மருந்து செய்யச் சொல்றியா?" அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கூட்டியா," என்றார்.

சோணைமுத்து உடனே வரவில்லை. "பட்டறைய விட்டா திரும்பச் சேக்க மாட்டாங்க மாப்ள. எனக்கு அடுத்து நிக்க நாலு பேரு இருக்கான்." மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு என்று நான்தான் பேசிப் பேசிக் கரைத்தேன். செல்லூர் வீட்டைக் காலி செய்து, பெண்டாட்டியோடும் மகளோடும் திருப்பரங்குன்றத்தில் குடியேறினான். மகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். செல்லூர்ப் பட்டறையில் அவன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது.

லட்சுமி உட்காரும் தட்டு

முதலாளியின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். வெள்ளிக்கிழமை காலையில் தராசுக்குச் சந்தனப் பொட்டு வைக்காமல் கடையில் ஒரு மிளகைக்கூட நிறுக்க மாட்டாராம். மகனும் அதை விடவில்லை. வெள்ளிதோறும் ஒன்பது மணிக்கு ஊதுபத்தி, கிண்ணத்தில் குழைத்த சந்தனம், குங்குமம் எல்லாவற்றோடும் கொட்டகையைச் சுற்றி வருவார். மாத்திரை அடிக்கிற மெஷின், கொப்பரை, என் உருளை, எல்லாவற்றுக்கும் பொட்டு. கடைசியில் சோதனை அறைத் தராசு.

அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற தராசு. நாம் மூச்சு விட்டால் அதன் முள் ஆடும். அதன் கதவைத் திறந்து, சரக்கு வைக்கிற தட்டின் அடியில் பெரிய பொட்டாக வைப்பார். படிக்கல் தட்டுக்குக் கிடையாது. "லட்சுமி சரக்குத் தட்டுலதான் ஒக்காருவா. எங்கப்பா சொல்லுவாரு."

முதல் தடவை கோமதி, "சார், இதுக்கு மட்டும் வேணாமே," என்றாள்.

"நாப்பது வருசம் எங்கப்பா வச்சிருக்காரும்மா. ஒரு நட்டமும் வரலை."

அவள் என்னிடம் திரும்பி, "பொட்டு வச்சப்புறம் திருகாணியத் திருகி முள்ள நடுவுல கொண்டாந்துருங்கண்ணே. அப்புறம் ஒவ்வொரு எடைக்கும் முன்னாடி முள்ளு நடுவுல நிக்குதான்னு பாத்துக்கங்க," என்றாள். சனிக்கிழமை முதலாளி இல்லாத நேரம் பார்த்துப் பொட்டைத் துடைத்துவிடுவாள்.

முதலில் சொன்னதைத் தவறாமல் செய்தேன். இரண்டாவதாகச் சொன்னதைக் காலையில் மட்டும் செய்தேன். காலையில் நடுவில் நின்ற முள் மத்தியானம் எங்கே ஓடிவிடப் போகிறது?

எனக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையும் இல்லை. அவர் பொட்டு வைப்பது அவர் வேலை, முள்ளைத் திருப்புவது என் வேலை என்று இருந்தேன்.

மூன்று வெள்ளிக்கிழமைகள்

மணிகளுக்குத் திங்கள் முதல் வியாழன் வரை பாகு ஊற்றி உலர்த்துவார்கள். வெள்ளிக்கிழமை காலை என்னிடம் வரும். பத்து மணிக்கு எடை போடுவேன். அப்புறம் குவியல், தட்டு, சல்லடை எல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிடும். கரண்டு இருந்தால் உருளை தானாகச் சுற்றும், இல்லாவிட்டால் நான். கடைசி எடை சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

முதல் சரக்கை சோணைமுத்து கொண்டுவந்தபோது உள்ளங்கையில் தேய்த்துக் காட்டி, "இது நிக்கும் மாப்ள," என்றான். எடை போட்டேன். நூற்றில் இரண்டு போயிருந்தது. கோமதி சிவப்பு மையில் எழுதினாள்.

இரண்டாவது வாரமும் "நிக்கும்" என்றான். அதுவும் நிற்கவில்லை.

மூன்றாவது வாரம் அவன் ஒன்றுமே சொல்லவில்லை. டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டான். அது இரண்டு மடங்கு மோசமாக உதிர்ந்தது.

தள்ளிய சரக்கு மூன்று தகர டிரம்களில் கொட்டகை மூலையில் நின்றது. கொப்பரையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற இடம். சோணைமுத்து கொப்பரையின் மறுபக்கம் நின்று வேலை செய்யப் பழகிக்கொண்டான்.

"மிட்டாய் வேற, மருந்து வேற போல மாப்ள," என்றான் ஒருநாள் டீக்கடையில். "கையில தேச்சா நல்லாத்தேன் இருக்கு. தராசு இல்லைங்குது. தராசு பொய் சொல்லுமா?"

"சொல்லாது," என்றேன். பெரிய மனுஷத்தனமாகத் தலையை வேறு ஆட்டினேன்.

நாலாவது

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று கோமதியின் பஸ் தாமதம். முதலாளி பூசையை முடித்துவிட்டுப் போனதும் சோணைமுத்து அறைக்குள் வந்தான். கையில் ஒரு வாழையிலைத் துண்டு. விடிகாலையில் குன்றத்துக் கோயிலுக்குப் போய் முருகனுக்குச் சாத்திய சந்தனத்தை வாங்கி வந்திருந்தான்.

"கதவத் தெற மாப்ள."

"ஏற்கெனவே வச்சாச்சுடா."

"அது மொதலாளி வச்சது. இது நான் வைக்கிறது."

நாலு விரலால் வழித்துத் தட்டின் அடியில் அப்பினான். தோசைக்கு மாவு ஊற்றினது போல் இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திருகாணியை வழக்கத்தைவிட அதிகமாகத் திருக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முள்ளை நடுவில் நிறுத்தி, சரியாகப் பத்து கிராம் மணிகளை எடை போட்டேன்.

அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். உருளை, கரண்டு இல்லாதது, மாமியார்.

சாப்பாட்டுக்குப் பின் சல்லடையில் தூளைத் தட்டினேன். தூள் குறைவாகத்தான் இருந்தது, காகிதத்தில் ஒரு நகக்கண் அளவு. மணிகளைத் தராசில் வைத்துப் படிக்கற்களை ஏற்றினேன். எடுத்தேன். முள் நடுவில் நிற்க மறுபடி ஒரு கல்லை எடுத்தேன்.

நூற்றில் மூன்று போயிருந்தது.

கோமதி நம்பாமல் அவளே வந்து கற்களை எண்ணினாள். எண்ணிவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்தாள், ஆனால் மூடியைத் திறக்கவில்லை.

சோணைமுத்து சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அழவில்லை, கத்தவில்லை. "பாப்பாவ மறுபடி செல்லூர்ப் பள்ளிக்கூடத்துல சேப்பாங்களா? நடு வருசத்துல சேக்க மாட்டாங்கள்ல," என்று மட்டும் கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏதாவது செய்ய வேண்டுமே என்று மணிகளைத் தட்டிலிருந்து எடுத்தேன். கற்களையும் எடுத்தேன். இரண்டு தட்டும் காலி.

முள் நடுவில் இல்லை.

படிக்கல் பக்கம் தாழ்ந்து, முள் ஓரத்தில் போய் நின்றது. காலித் தராசு சாய்ந்து நிற்கிறதே என்று குனிந்து பார்த்தேன். தட்டின் அடியில் சந்தனம் காய்ந்து, கோடைக் கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பொருக்கு கழன்று கண்ணாடிப் பெட்டியின் தரையில் விழுந்தது. முள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

காலையில் ஈரத்தோடு இருந்த சந்தனத்தின் எடையையும் சேர்த்து முள்ளை நடுவில் நிறுத்தியிருந்தேன். மத்தியானத்துக்குள் அந்த ஈரம் போய்விட்டது. சந்தனம் இளைத்ததை மணிகளின் தலையில் எழுதியிருந்தேன். மூன்று வெள்ளிக்கிழமையும். இவன் வேண்டிக்கொண்டு கூடுதலாக அப்பிய அன்று கூடுதலாகப் போயிற்று.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நேர்மையைப் பற்றி நான் பேசினால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. சொன்னால் மூன்று டிரம் சரக்கு என் தலையில் விடியும், முக்காலி போகும். வேலை போவது எனக்குப் புதிதில்லை. முக்காலி புதிது.

"கோமதி, முள்ளப் பாரு," என்றேன்.

அவள் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, மணிகளை வைத்து எடை போட்டாள். உதிர்ந்தது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை.

"மத்தியானம் முள்ளப் பாப்பீங்களாண்ணே?"

"காலைல பாப்பேன்."

"மத்தியானம்?"

"பாக்க மாட்டேன்."

சோணைமுத்து எழுந்து வந்தான். விளக்கினோம். நம்பவில்லை. "முருகன் சந்தனம்டா," என்றான். "அதா என்னையக் கவுத்துச்சு?"

"முருகன் சந்தனம்னா காயாதாடா?"

அவன் தராசை, இலைத் துண்டை, என்னை என்று மாறி மாறிப் பார்த்தான். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை. சந்தோஷமா கோபமா என்று இன்றுவரை கேட்கவில்லை.

முதலாளியின் அப்பா

முதலாளியிடம் யார் சொல்வது? அவர் அப்பாவின் பொட்டு. கோமதி போகிறேன் என்றாள். நான் பின்னாலேயே போனேன், தப்பு என்னுடையது என்பதால் அல்ல, அவள் எப்படிச் சொல்கிறாள் என்று பார்க்க.

அவள் எதுவும் சொல்லவில்லை. அவரைத் தராசு முன் உட்காரவைத்து, தட்டின் அடியில் ஒரு பொட்டு ஈரச் சந்தனம் வைத்து, முள்ளை நடுவில் நிறுத்தினாள். "ஒரு மணி நேரம் பாருங்க சார்," என்றாள். அவர் டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டு பார்த்தார். முள் மெல்ல மெல்லச் சாய்ந்தது.

குனிந்து தட்டின் அடியைப் பார்த்தார். பிறகு, "கடைத் தராசத் தொடைக்கவே விட மாட்டாரு எங்கப்பா," என்றார். "தொடச்சா லட்சுமி போயிருவாம்பாரு. தட்டுக்கு அடியில ஒரு விரல் கனத்துக்குச் சந்தனம் ஏறி நிக்கும். சரக்குத் தட்டுல மட்டும்."

டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"சரக்குத் தட்டுல கனம் இருந்தா, சரக்கு கொறைச்சலா வச்சாலே முள்ளு நின்னுருமேப்பா," என்றார் என்னைப் பார்த்து. "நாப்பது வருசம். நான் அவரு சாமி கும்புடுறாருன்னுல்ல நெனச்சேன். மனுசன் யாவாரம் பண்ணியிருக்காரு."

முதலில் சிரித்தவர் அவர்தான். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம். முதலாளிகள் விஷயத்தில் அந்த வரிசை முக்கியம்.

சிரித்து முடித்ததும் என்னைப் பார்த்தார். "எட்டாங்கிளாசு, இனிமே நீ தராசத் தொடக்கூடாது. சல்லடைய ஆட்டு, குவியலக் கொட்டு. எடை எல்லாம் கோமதி." கொஞ்சம் பொறுத்து, "நான் வச்ச பொட்டுக்கு ஒன்னைய வெரட்டுனா நல்லாருக்காது," என்றார்.

முக்காலி தப்பியது.

மூன்று டிரம்கள்

திங்கட்கிழமை, தள்ளிய மூன்று சரக்கையும் மறுபடி சோதித்தோம். தராசு சோப்புப் போட்டுக் குளித்தது போல் இருந்தது. உருளையைச் சுற்ற ஆரம்பிக்கும் முன் சோணைமுத்து வந்து மூன்று டிரம்மையும் திறந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி, தேய்த்து, காதில் வைத்துக் கேட்டான்.

"மொதலு நிக்கும். ரெண்டாவது நிக்கும். மூணாவது நிக்காது."

"பாத்துருவோம்," என்றாள் கோமதி.

முதலாவது நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது, பொட்டு இல்லாத தராசிலேயே, நூற்றில் மூன்று உதிர்ந்தது.

"அன்னைக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்," என்றான் அவன், கோமதியைப் பார்க்காமல். "பாகு காயுறதுக்குள்ள மெழுக ஊத்திட்டு ஓடிட்டேன். தெரிஞ்சேதான் கொண்டாந்து வச்சேன். அது நான் செஞ்ச தப்புத்தேன்."

"அப்ப மத்த ரெண்டும் நல்லதுன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கைக்குத் தெரியும்."

"அப்பறம் ஏண்டா சொல்லலை?"

"கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்குற தராசுடா. நான் மிட்டாய்க்காரன். அதோட போயி நான் சண்டை போட முடியுமா?"

கோமதி பதிவேட்டை எடுத்து, இரண்டு சிவப்பு மை வரிகளை அடித்து, மேலே நீல மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்றாவதை அப்படியே விட்டாள். சோணைமுத்து மூன்றாவது டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டு போய்ப் பின்னால் குழி வெட்டிக் கொட்டினான். கொப்பரையை விற்கிற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். தராசின் முன் ஒரு கணம் நின்றார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, அதை வைத்திருந்த மேஜையின் காலில் ஒரு சின்னப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

சோணைமுத்துவும் வந்தான். கையில் அதே மாதிரி வாழையிலைத் துண்டு.

"தராசுப் பக்கம் போகாதே," என்றேன்.

"போகலை." என் முக்காலி அருகே வந்தான். நான் சுதாரிப்பதற்குள் ஒரு விரல் சந்தனத்தை வழித்து என் நெற்றியில் அப்பினான். சில்லென்று மூக்கு வரை இறங்கியது. கல்யாண வீட்டில்கூட நான் பொட்டு வைத்துக்கொண்டதில்லை.

"இது எதுக்குடா?"

"ஒன் மேல வச்சா எவனுக்கும் நட்டமில்ல. காயட்டும்," என்றான். "சாயங்காலம் எம்புட்டு உதிந்திருக்குன்னு கோமதி எழுதிக்கிரும்."

கோமதி திரும்பாமலே, "நிமிசத்துக்கு இருபத்தஞ்சு. சுத்துங்கண்ணே," என்றாள்.

சுற்றினேன். அன்றும் கரண்டு இல்லை, இப்போது உருளைதான் முதல் சோதனை. பத்து மணிக்குக் குளிர்ந்தது, பதினொன்றுக்கு நெற்றித் தோலைப் பிடித்து இழுத்தது, சாப்பாட்டு நேரத்தில் அரிக்க ஆரம்பித்தது. துடைக்கக் கை போனது. துடைக்கவில்லை.